ஈரச் சாலையில் நழுவும் கார்: செய்ததா, நேர்ந்ததா?

மழையில் நனைந்த சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பிடிப்பை இழந்து நழுவும்போது ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது, காலும் பெடலில்தான் இருக்கிறது. ஆனால் கார் அவர் சொல் கேட்பதில்லை. அந்த இரண்டு மூன்று வினாடிகளில் நடப்பது அவர் செய்ததா, அவருக்கு நேர்ந்ததா? தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை ஒரே எழுத்தில் காட்டிவிடுகிறது. ‘கார் கவிழ்ந்தது’ என்பது தன்வினை. ‘காரைக் கவிழ்த்தார்’ என்பது பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் அந்த ஓர் இடத்தில் பொறுப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. விபத்துக்குப் பின் ஓட்டியவர் முதலாவதைச் சொல்வார், அடிபட்டவர் இரண்டாவதைச் சொல்வார். தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்கு மனிதர் பொறுப்பாளி ஆவாரா என்ற இந்தக் கேள்விக்கு கிரேக்க மெய்யியலாளர்களும், வினைக்கொள்கையை ஆராய்ந்த இந்தியச் சமயங்களும் தத்தம் வழியில் விடை தேடியிருக்கிறார்கள்.

பிடிப்பு போகும் விதம்

கேள்வியின் கனத்தை உணர, முதலில் நழுவல் எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். காரின் எடை முழுவதும் நான்கு டயர்கள் சாலையைத் தொடும் இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான். வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது ஆகிய மூன்றுக்கும் அந்த நான்கு உள்ளங்கைதான் முதல். பிரேக்கில் அதை முழுவதும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவிலேயே அது தீர்ந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தாலும் டயர் வழுக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு சுமார் 0.8. சாலை நனைந்ததும் அது 0.5 அளவுக்கு இறங்கிவிடும். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னும் மோசமானது. தாரில் படிந்திருந்த எண்ணெயும் ரப்பர் தூளும் தண்ணீரோடு கலந்து சாலைமேல் ஒரு படலமாகிவிடும்.

இதற்கு அடுத்த படி நீர்ச்சறுக்கல். டயர் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதற்காக வெட்டப்பட்டவை. வேகம் கூடி, பள்ளங்கள் தள்ளும் தண்ணீரைவிட எதிரே வரும் தண்ணீர் அதிகமானால், அது டயருக்கு அடியில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. 1960களில் நாசா விமான டயர்களை வைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து இதற்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. 32 பவுண்டு காற்றழுத்தம் உள்ள டயருக்கு அந்தச் சூத்திரம் தரும் எல்லை மணிக்குச் சுமார் 94 கி.மீ. தேய்ந்து மொட்டையான டயர் மிகக் குறைந்த தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

மிதக்கத் தொடங்கும் கணத்தை ஓட்டுபவரின் கைதான் முதலில் அறிகிறது. அதுவரை கனமாக இருந்த ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். உள்ளங்கையில் கேட்டுக்கொண்டிருந்த சாலையின் நறநறப்பு நின்றுபோகும். பின்சக்கரம் தண்ணீரில் வெறுமனே சுற்றுவதால் என்ஜின் சத்தம் ஒரு படி ஏறும். கார் வேகம் கூடாமலே வேகமானியின் முள் மேலே போகும். அப்போது உடல் செய்யத் துடிப்பது இரண்டு: பிரேக்கை அழுத்துவது, ஸ்டியரிங்கைத் திருப்புவது. இரண்டுமே கெடுதல். திருப்பிய நிலையில் டயர் மறுபடி தரையைக் கவ்வினால், கார் அந்தப் பக்கமாகவே பாய்ந்துவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, தரை தானாகத் திரும்பி வரும்வரை காத்திருப்பதே ஓட்டுநர் பள்ளிகள் சொல்லித்தரும் வழி. அந்தக் கணத்தில் மனிதர் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ஆபத்து கூடுதல். அதன் அகலமான டயர் உலர்ந்த தரையை நன்றாகப் பற்றும். நனைந்த தரையிலோ அந்த அகலத்துக்கு அடியில் சிக்கிய நீர் வெளியேற அதிக தூரம் போக வேண்டும். என்ஜின் திறன் அதிகம் என்பதால் காலின் சிறு அசைவும் பின்சக்கரத்தைச் சுழற்றிவிடும். 1975இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ இதற்குப் பெயர்போனது. 260 குதிரைத்திறன், பின்னச்சுக்கும் பின்னால் தொங்கும் என்ஜின், மிதித்துச் சற்றுத் தாமதித்துத் திடீரென்று பாயும் டர்போ மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, லேசான பின்பக்கம் வெளியே வீசியெறியப்படும். விதவைகளை உண்டாக்கும் கார் என்ற பட்டப்பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது.

எறிந்த கல்

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. நழுவல் தொடங்கிய பின் ஓட்டுநரிடம் பெரும்பாலும் எந்த அதிகாரமும் மிஞ்சுவதில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடியில் 28 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை மூளை உணர்ந்து கால் அசைவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். கட்டுப்பாடு உள்ள இடத்தில்தான் பொறுப்பு உண்டு என்றால், நழுவிய வினாடிகளுக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் மூன்றாம் பகுதியில் இந்த வாதத்தைச் சந்திக்கிறார். கையைவிட்டுப் போன கல்லைத் திரும்ப அழைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எறிவதும் எறியாமல் இருப்பதும் எறிந்தவர் கையில் இருந்தது என்று அவர் நினைவூட்டுகிறார். குடித்துவிட்டுத் தவறு செய்தவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தையும் எடுத்துக்காட்டுகிறார். போதையில் இருந்தவருக்குத் தன்மேல் கட்டுப்பாடு இல்லைதான், போதை ஏற்றிக்கொள்ளாமல் இருக்கும் கட்டுப்பாடு அவருக்கு இருந்தது. எளிதில் அறிந்துகொள்ளக்கூடியதை அறியாமல் விட்டவரையும் அவர் மன்னிப்பதில்லை. அந்த அறியாமைக்கே காரணம் கவனக்குறைவு என்கிறார்.

ஈரச் சாலைக்கு இதைப் பொருத்தினால் பொறுப்பு இடம் மாறுகிறது. நழுவிய வினாடியில் தேட வேண்டியதில்லை, அதற்கு முன்பு கை சுதந்திரமாக இருந்த நேரத்தில் தேட வேண்டும். டயரின் பட்டன் தேய்ந்ததைப் பார்த்தும் ‘அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்த காலைப்பொழுது, கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தும் வேகத்தைக் குறைக்காத நிமிடம், முன்னால் சாலை பளபளப்பதைக் கண்டும் ஆக்ஸிலரேட்டரில் இருந்த கால். கல் அங்கேதான் கையைவிட்டுப் போனது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த ஸ்டோயிக் ஞானி எபிக்டெட்டஸ், உலகில் உள்ளவற்றை நம் கையில் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார். நம் கையில் இல்லாததற்காகக் கலங்காதே என்பது அவர் போதனை. ஈரச் சாலை அந்தப் பிரிவினைக்கு ஒரு திருத்தம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. 50 கி.மீ. வேகத்தில் தேங்கிய தண்ணீர் ஓட்டுநர் கையில் உள்ள விஷயம். 120 கி.மீ. வேகத்தில் அதே தண்ணீர் விதியாகிவிடுகிறது. வேகத்தை ஏற்றும் ஒவ்வொருவரும் தன் கையில் உள்ளதைக் குறைத்துக்கொண்டு, கையில் இல்லாததைப் பெருக்கிக்கொள்கிறார். அந்தப் பெருக்கம் அவர் தேர்ந்தெடுத்தது.

எஸ்டோரிலும் சுசுகாவும்

இவ்வளவோடு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றினாலும், அதிர்ஷ்டம் என்ற ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒரே கவனக்குறைவு ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரை அழித்துவிடுகிறது.

1985 ஏப்ரல் 21 அன்று போர்ச்சுக்கலின் எஸ்டோரில் தடத்தில் கொட்டும் மழையில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. 25 வயது அயர்டன் சென்னா லோட்டஸ் காரில் முதலிடத்தில் தொடங்கி முதலிடத்திலேயே முடித்தார். இரண்டாவதாக வந்த மிக்கேலே அல்போரெத்தோ ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். மற்ற எல்லோரையும் சென்னா ஒரு சுற்றாவது முந்திவிட்டிருந்தார். அளந்து ஓட்டுவதில் பேராசானாகப் பின்னால் புகழ்பெற்ற அலென் ப்ரோஸ்ட்டே அன்று நேர்ச்சாலையில் தேங்கிய தண்ணீரில் சுழன்று வெளியேறினார். அதே பந்தயத்தில் சென்னாவின் காரும் ஓரிடத்தில் நான்கு சக்கரமும் புல்லில் இறங்கும்படி நழுவி, மறுபடி தடத்துக்கு ஏறியது. காரைக் கையாளும் திறமையைப் பாருங்கள் என்று உலகமே வியந்தது. சென்னா பின்னாளில் அந்தப் புகழை ஏற்க மறுத்துவிட்டார். கார் முழுவதும் கைமீறிப் போயிருந்தது, திரும்ப வந்தது வெறும் அதிர்ஷ்டம் என்றார். வெற்றி பெற்ற ஒருவர், தன் பெயரில் எழுதப்பட்ட செயலைத் தன்னுடையது அன்று என்று விலக்கியது அபூர்வமான நேர்மை. ‘காரை மீட்டார்’ என்று உலகம் எழுதிய பிறவினையை அவர் ‘கார் மீண்டது’ என்று திருத்தினார்.

2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசுகா தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் அதிர்ஷ்டத்தின் மறுமுகம் தெரிந்தது. மழை, மங்கும் வெளிச்சம். டன்லப் வளைவில் தடத்தின் குறுக்கே வழிந்த தண்ணீரில் ஏட்ரியன் சூட்டிலின் கார் நழுவித் தடுப்பில் மோதியது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல் பியாங்கியின் கார் நழுவியது. ஆனால் அதற்குள் சூட்டிலின் காரை அகற்ற ஒரு மீட்பு டிராக்டர் அங்கே வந்திருந்தது. மணிக்கு 126 கி.மீ. வேகத்தில் பியாங்கி அதில் மோதினார். ஒன்பது மாதங்கள் நினைவு திரும்பாமல் கிடந்து, 2015 ஜூலை 17 அன்று 25 வயதில் இறந்தார். எச்சரிக்கைக் கொடிகள் காட்டப்பட்டிருந்தும் அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விசாரணைக் குழு கூறியது. அந்தக் கண்டறிதல் இருக்கட்டும். ஒரே வளைவு, ஒரே தண்ணீர், இரண்டு நிமிட இடைவெளி. சூட்டில் வீடு திரும்பியதற்கும் பியாங்கி திரும்பாததற்கும் நடுவே இருந்தது ஓட்டிய விதம் மட்டுமன்று, ஒரு டிராக்டர் நின்ற இடமும்தான்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு மெய்யியலாளர்கள் இந்தச் சிக்கலுக்கு ‘அற அதிர்ஷ்டம்’ என்று பெயர் வைத்து விவாதித்தார்கள். பிரேக்கைச் சோதிக்காமல் ஓட்டும் லாரிக்காரர்கள் பலர் இருக்கலாம், ஒருவரின் முன்னால் மட்டும் குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. அவர் கொலைப்பழி சுமக்கிறார், மற்றவர்கள் தம் தவறை அறியாமலே வீடு சேர்கிறார்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதற்கே பொறுப்பு என்பது அறத்தின் அடிப்படை என்றால், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார் நேகல். சட்டமும் இந்த வேறுபாட்டை அப்படியே வைத்திருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின்படி, பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக ஓட்டுபவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அதே அஜாக்கிரதையில் ஒருவர் இறந்துவிட்டால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. ஓட்டியவரின் மனமும் கையும் இரண்டு வழக்கிலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எதிரே ஆள் இருந்தாரா இல்லையா என்பதே ஆறு மாதத்தை ஐந்து ஆண்டாக்குகிறது.

குந்தகுந்தர் சொன்ன விடை

நேகலுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சமண மெய்யியல் இந்த முடிச்சை நேராக அவிழ்க்க முயன்றது. உமாசுவாதியின் ‘தத்துவார்த்த சூத்திரம்’ இம்சைக்குச் சொல்லும் இலக்கணத்தில் ‘பிரமாதம்’ என்ற கருத்து அடங்கியிருக்கிறது. கவனக்குறைவு என்பது அதன் பொருள். கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவதே இம்சை. தமிழ் மரபு வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றும் குந்தகுந்தர், ‘பிரவசனசாரம்’ நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உயிர் செத்தாலும் பிழைத்தாலும் கவனமில்லாமல் நடப்பவருக்கு இம்சை உறுதி என்கிறார். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கும் துறவியின் காலடியில் எதிர்பாராமல் ஒரு பூச்சி மாண்டாலும், அதனால் அவருக்கு வினைப்பிணிப்பு இல்லை.

இதன்படி, மழையில் மொட்டை டயரோடு 120 கி.மீ. வேகத்தில் போய் எந்தக் கீறலும் இல்லாமல் வீடு சேர்ந்தவர் குற்றமற்றவர் ஆகமாட்டார். அன்று யாரும் சாகவில்லை என்பது அவருடைய புண்ணியக் கணக்கில் ஏறாது. தமிழ்ப் பேச்சில் இதே ‘பிரமாதம்’ என்ற சொல் பாராட்டாக மாறியிருப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நழுவிய காரை ஒருவர் எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தால் பார்ப்பவர் வாயில் அந்தச் சொல்தான் வரும். அதன் பழைய பொருளைச் சென்னா அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவர் தந்த வாக்குமூலம் அந்தப் பழைய பொருளுக்கே நெருக்கமானது.

சமணர் விடை நீதியாக இருக்கிறது. ஆனாலும் மனித மனத்தின் ஒரு பகுதி அதற்குள் அடங்குவதில்லை. தன்மேல் எந்தத் தவறும் இல்லாமல் ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகிவிட்ட லாரி ஓட்டுநரைப் பற்றி வில்லியம்ஸ் எழுதுகிறார். வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தமும் அவருடைய வருத்தமும் ஒன்றல்ல. ‘உன்மேல் தப்பில்லை’ என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஆறுதலை அவர் உடனே ஏற்றுக்கொண்டு அடுத்த நாளே வழக்கம்போல நடமாடினால், ஆறுதல் சொன்னவர்களே முகம் சுளிப்பார்கள். குற்றம் இல்லாத இடத்திலும் ‘என் கையால் நடந்தது’ என்ற பாரம் இருக்கிறது. ஆகவே இரண்டைப் பிரித்து வைக்க வேண்டும். பழி கவனக்குறைவின் அளவுக்கு ஏற்றது. ஒரே அளவு கவனக்குறைவு உள்ளவர்களுக்கு ஒரே அளவு பழி. துயரமோ விளைவின் அளவுக்கு ஏற்றது, அது ஒருவர்மேல் மலையாக விழும், இன்னொருவர் பக்கமே வராது.

புதைந்த சக்கரம்

விதியின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு கணக்குக் கொடுக்கிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள்: நிலைக்களம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். நிலைக்களம் என்பதற்கு உரையாசிரியர்கள் உடல் என்று பொருள் கொள்வார்கள். காரைப் பொறுத்தவரை சாலையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டுநர் செய்பவர். டயரும் பிரேக்கும் கருவிகள். கை காலின் அசைவுகள் முயற்சி. எந்த வளைவில் எந்த நிமிடம் தண்ணீர் தேங்கும் என்பது தெய்வம். இந்த ஐந்தையும் மறந்து தன்னை மட்டுமே செய்பவராகக் காண்பவர் சரியாகக் காணவில்லை என்கிறது கீதை. வென்றவரின் ஆணவத்துக்கு அது மருந்து. தோற்றவரின் சாக்குக்கு அதில் இடமில்லை. ஐந்தில் ஒன்று தெய்வம் என்றால், அது மற்ற நான்கை அழித்துவிடுவதில்லை.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் இதே நியாயம் ஒரு சக்கரத்தின் வழியாகவே பேசப்படுகிறது. போரின் உச்சத்தில் கர்ணனின் தேர்ச்சக்கரம் தரையில் புதைகிறது. இறங்கித் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. தர்மத்தைக் காத்தவனைத் தர்மம் காக்கவில்லையே என்று நொந்து, சற்றுப் பொறு என்று அர்ஜுனனிடம் போர் நெறியைச் சொல்லிக் கேட்கிறான். அர்ஜுனனின் தேரில் இருந்து கிருஷ்ணன் பதில் சொல்கிறான்: திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோதும், அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோதும் அந்தத் தர்மம் எங்கே போயிருந்தது? சக்கரம் புதைந்தது சாபத்தால் என்பதைக் கதை மறைப்பதில்லை. ஆனால் அந்தச் சாபத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. வில் பயிற்சியின்போது கர்ணன் அஜாக்கிரதையாக எய்த அம்பில் ஓர் அந்தணரின் பசு மாண்டது. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. கவனம் இல்லை, அவ்வளவுதான். புதைந்த சக்கரத்தில் விதியின் கை தெரிகிறது, அந்த விதிக்குள் பழைய கவனக்குறைவின் கையும் தெரிகிறது.

திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஊழே முந்தி நிற்கும் என்கிறது முன்னது. தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது பின்னது. இதை முரண் என்று தள்ள வேண்டியதில்லை. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது ஊழ் என்று ஆறுவதும், இனி நடக்க வேண்டியதை எதிர்நோக்கும்போது ஆள்வினை என்று எழுவதும் ஒரே மனிதருக்குத் தேவை. சாலையில் ஆபத்து வருவது இந்த வரிசை மாறும்போதுதான். வண்டி எடுக்கும்போதே ‘எல்லாம் விதிப்படி’ என்று கிளம்புபவர் ஊழை அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னால் இழுத்துவிடுகிறார்.

காரே எச்சரிக்கும் காலம்

பொறுப்பில் ஒரு பங்கை இன்று இயந்திரமும் சுமக்கிறது. 1995இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை எஸ் 600 காரில் அறிமுகப்படுத்தின. ஸ்டியரிங் சொல்லும் திசையும் கார் போகும் திசையும் வேறுபட்டால், அது தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். ஆனால் அது இருக்கிற பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. டயர் தண்ணீரில் மிதந்துவிட்டால் பிரேக் கொடுத்தும் பயன் இல்லை.

2018இல் அறிமுகமான போர்ஷே 911 தலைமுறையில் இன்னொரு கருவி வந்தது. முன்சக்கரக் குழிகளில் உள்ள ஒலி உணரிகள், சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, சாலை நனைந்திருக்கிறது என்று ஓட்டுநருக்கு அறிவித்து, மழைக்கான ஓட்ட முறைக்கு மாறச் சொல்லும். மாறுவதா வேண்டாமா என்பது ஓட்டுநர் கையில். இத்தகைய கருவி பொறுப்பைக் குறைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அரிஸ்டாட்டிலின் அளவுகோலில் அது பொறுப்பைக் கூட்டுகிறது. தெரியாது என்று சொல்ல இனி வழியில்லை. எச்சரிக்கையைக் கண்டும் அதே வேகத்தில் போனவர், அறியாமையில் செய்தவர் என்ற இடத்திலிருந்து அறிந்தே செய்தவர் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்.

ஃபூஜியில் நின்ற கார்

கட்டுப்பாடு என்பதன் உச்ச வடிவம் நழுவும் காரை மீட்பது என்று எண்ணுவது இயல்பு. 1976 அக்டோபர் 24 அன்று ஜப்பானின் ஃபூஜி தடத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லாடா வேறொன்றைக் காட்டினார். அதற்குச் சுமார் பன்னிரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் 1இல், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் கார் தீப்பிடித்து, முகம் வெந்து, சாவின் விளிம்புவரை போய் மீண்டிருந்தார். 42 நாளில் மறுபடி பந்தயத்துக்கு வந்தவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான ஃபூஜியில் அவர் உலகப் பட்டத்துக்கான போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டைவிட மூன்று புள்ளி முன்னால் இருந்தார். தடமெங்கும் தண்ணீர். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு லாடா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். என்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என ஃபெராரி அணியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி அவருக்கு ஒரு வழி காட்டினார். லாடா அதை ஏற்கவில்லை. இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பதால் நானாகவே நிறுத்தினேன் என்றார். பின்னர் மழை விட்டது, தடமும் காய்ந்தது. யாரும் இறக்கவில்லை. ஹன்ட் மூன்றாவதாக வந்து 69 புள்ளிகளோடு உலகப் பட்டம் வென்றார். லாடாவுக்கு 68.

விளைவை வைத்து அளந்தால் லாடா ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தவர். அன்று ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்திருந்தால் உலகம் அவரைத் தீர்க்கதரிசி என்றிருக்கும். அற அதிர்ஷ்டம் அவருக்கு எதிராகத் திரும்பியது. ஆனால் குந்தகுந்தரின் அளவுகோலில் வானம் வெளுத்தது ஒரு பொருட்டே இல்லை. முடிவெடுத்த நிமிடத்தில் கண்முன் இருந்தது தண்ணீர், கையில் இருந்தது நிறுத்தும் உரிமை. கல்லை எறியாமல் இருக்கும் அதிகாரத்தை அவர் பயன்படுத்தினார். அதைவிட முக்கியம், ‘கார் நின்றது’ என்று சொல்லித் தப்பிக்கக் கிடைத்த தன்வினையை மறுத்து, ‘நான் நிறுத்தினேன்’ என்ற பிறவினையைத் தானே தேர்ந்துகொண்டார்.

புணையும் படகோட்டியும்

தமிழின் பழைய கவிகளில் ஒருவரான கணியன் பூங்குன்றனார், மழை பெய்து பெருகிய காட்டாற்றில் அடித்துச் செல்லப்படும் புணையாக மனித உயிரைக் கண்டார். தண்ணீர்மேல் மிதக்கும் காருக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பு கிடைப்பது அரிது. அந்தக் காட்சியிலிருந்து அவர் எடுத்த முடிவும் கவனிக்கத்தக்கது. கைவிரித்து எல்லாம் விதி என்று அவர் முடிக்கவில்லை. உயர்ந்தவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, தாழ்ந்தவர்களை இகழ்வது அதனினும் இல்லை என்ற நடுநிலைக்கு வந்தார். அற அதிர்ஷ்டம் என்ற சிக்கலுக்கு, அடுத்தவரைப் பார்க்கும் கண்ணுக்குச் சரியான நெறி அதுதான். புல்லில் இறங்கி மீண்டவரைத் தெய்வமாக்க வேண்டாம். மீளாதவரை மூடர் என்று தூற்றவும் வேண்டாம். இருவருக்கும் நடுவே இருந்தது எந்த நேரத்தில் எங்கே தண்ணீர் நின்றது என்பதாகவும் இருக்கலாம்.

தன்னைப் பார்க்கும் கண்ணுக்கு நெறி வேறு. புணைக்கு என்ஜின் இல்லை, ஆக்ஸிலரேட்டர் இல்லை, ஆற்றில் எப்போது இறங்குவது என்று தீர்மானிக்கும் மனமும் இல்லை. காரில் அமர்பவருக்கு இவை மூன்றும் உண்டு. ஆகவே பிறர் நழுவும்போது ‘கவிழ்ந்தது’ என்று இரங்குவதும், தான் ஓட்டும்போது ‘கவிழ்த்துவிடுவேன்’ என்று அஞ்சுவதுமே முறை. புதிய டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே தேய்ந்துகொண்டே போவது ரப்பர் மட்டுமன்று, பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் காலமும்தான். மழைக்கு முன்பு டயரைக் குனிந்து பார்ப்பவரும், முதல் தூறலில் காலைத் தளர்த்துபவரும் அந்தக் காலத்தை வீணாக்காதவர்கள்.